மாடிப்படிக்கடியில் நிற்கும் சைக்கிள்



உங்கள் குடியிருப்பின் மாடிப்படிக்கடியில் ஒரு சைக்கிள் நின்றுகொண்டிருக்கிறதா? காற்று இறங்கிய டயர்கள், துருப்பிடித்த செயின், சீட்டின்மேல் பழைய செய்தித்தாள் கட்டு, ஹேண்டில்பாரில் தொங்கும் கிழிந்த மழைக்கோட்டு. தினமும் அதைக் கடந்தே வேலைக்குப் போகிறீர்கள். கடந்தே திரும்பி வருகிறீர்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் உள்ளத்தில் ஏதோ ஒன்று குத்துகிறது. அப்படியானால் இம்மாதப் பகுதி உங்களுக்காகவே எழுதப்படுகிறது.

நீங்கள் ஊரில் இருந்த நாட்களைச் சற்று நினைத்துப்பாருங்கள். பள்ளிக்கூடம் போகவும், டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்கவும், தங்கையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அத்தை வீட்டிற்குப் போகவும் உங்களுக்கு சைக்கிள்தான் துணை. மும்பைக்கு வந்த புதிதிலும், தாராவியிலிருந்தோ சயானிலிருந்தோ பணியிடத்திற்கு மிதித்தே போய் வந்தீர்கள். அன்று அது ஒரு பெரிய காரியமாகத் தோன்றவில்லை. பின்பு மின்சார ரயில் வந்தது, ஸ்கூட்டர் வந்தது, இரவு வேலை வந்தது. வீட்டில் ஒருவருக்கு நோய் வந்தது. ஒருவேளை ஒரு மரணமும் வந்தது. 2020ஆம் ஆண்டின் ஊரடங்கு நாட்களும் வந்தன. ஒரு வாரம் என்று நிறுத்தியது ஒரு மாதமாயிற்று. மாதங்கள் வருடங்களாயின.

இடையில் ஒருநாள் நீங்கள் முயன்றும் பார்த்தீர்கள். விடியற்காலையில் உற்சாகத்தோடு எழுந்து, டயருக்குக் காற்றடித்து, கிங்ஸ் சர்க்கிளில் மகேஷ்வரி உத்யானத்தைச் சுற்றிக்கொண்டு, பழைய வேகத்திலேயே சயான் பக்கம் மிதித்தீர்கள். பாதி வழியில் மூச்சு முட்டியது. தொடைகள் எரிந்தன. இறங்கித் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தீர்கள். மனைவி ஒன்றும் கேட்கவில்லை. நீங்களும் ஒன்றும் சொல்லவில்லை. அன்று சைக்கிளை மீண்டும் அதே இடத்தில் நிறுத்தியபோது, "இனி நம்மால் ஆகாது" என்று உள்ளத்திற்குள் ஒரு தீர்ப்பும் எழுதிவிட்டீர்கள்.

அந்தத் தீர்ப்பு சரியானதல்ல என்பதே இந்தக் கட்டுரை சொல்ல வரும் காரியம். அன்று நீங்கள் தோற்றதற்குக் காரணம் உங்கள் வயதும் அல்ல, சோம்பலும் அல்ல. விட்ட இடத்திலிருந்தே தொடங்க முயன்றதுதான் காரணம். இப்போது நிற்கும் இடத்திலிருந்து தொடங்கியிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும்.

இது ஒரு பொழுதுபோக்கைப் பற்றிய பேச்சுமட்டும் அல்ல. 2023ஆம் ஆண்டில் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் ஏறத்தாழ 10 கோடிப் பேர் நீரிழிவு நோயோடும், மேலும் 13 கோடிக்கும் அதிகமானோர் அதன் வாசலிலும் இருப்பதாக மதிப்பிட்டது. நகரத்தில் உட்கார்ந்தே வேலை செய்து, சோற்றைக் குறைக்க மனமில்லாமல் வாழும் நம் குடும்பங்களில் இந்த நோய் நுழையாத வீடு எத்தனை? ஊரில் அரும்பாடுபட்டு உழைத்த தகப்பனார் எழுபது வயதிலும் நடந்தார். நாமோ ஐம்பது வயதில் இரண்டு மாடி ஏறமுடியாமல் நிற்கிறோம். ஆகவே, மாடிப்படிக்கடியில் நிற்கும் அந்த சைக்கிள் சாதாரணப் பொருள் அல்ல.

உடலுக்குள் நடந்தது என்ன?

தொடர்ந்து மிதிக்கிற ஒருவர் நிறுத்திவிட்டால் உடலில் என்ன நடக்கிறது என்பதை அமெரிக்காவில் எட்வர்ட் காயில் என்பவரும் அவருடைய குழுவினரும் 1984ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்தார்கள். நன்றாகப் பயிற்சி பெற்ற ஏழு பேரை 84 நாட்கள் பயிற்சியில்லாமல் இருக்கச் செய்து, அவர்களுடைய உடல் எவ்வளவு பிராணவாயுவைப் பயன்படுத்த முடிகிறது என்று அளந்தார்கள். முதல் மூன்று வாரங்களிலேயே அது 7 சதவீதம் குறைந்தது. எட்டு வாரங்களில் 16 சதவீதம் குறைந்து, அதன்பின் அங்கேயே நின்றது.

முதலில் குறைவது எது தெரியுமா? இரத்தத்தின் நீர்ப்பகுதி. அது குறைவதால், இருதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே தள்ளும் இரத்தத்தின் அளவு குறைகிறது. ஆகவேதான், கால்களில் பலம் இருப்பதுபோல் தோன்றினாலும் சில நிமிடங்களிலேயே மூச்சு வாங்குகிறது. பயப்படத் தேவையில்லை, முதலில் போன இதுவே, பயிற்சி தொடங்கியதும் முதலில் திரும்பியும் வருகிறது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. தசைகளுக்குள் இரத்தத்தைக் கொண்டுசேர்க்கும் நுண்ணிய குழாய்கள் அந்த 84 நாட்களுக்குப் பிறகும் குறையவில்லை. கட்டிய வீட்டில் விளக்கு அணைந்திருந்தது, வீடு இடிந்துபோகவில்லை.

"அது மூன்று மாதக் கதை, நானோ பல வருடங்கள் விட்டுவிட்டேனே" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கும் பதில் உண்டு.

முப்பது வருடம் கழித்து மீண்ட ஐந்து பேர்

1966ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் இருபது வயதுள்ள ஆரோக்கியமான ஐந்து வாலிபர்களை மருத்துவர்கள் மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்கச் செய்தார்கள். நோயாளிகளுக்கு நீண்ட படுக்கை ஓய்வு நல்லதா என்று அறிவதே நோக்கம். மூன்று வாரங்களில் அவர்களுடைய உடல் திறன் கால் பங்குக்கும் அதிகமாகக் குறைந்துவிட்டது.

முப்பது வருடங்கள் கழித்து, 1996இல் அதே ஐந்து பேரையும் மருத்துவர்கள் மீண்டும் அழைத்தார்கள். இப்போது அவர்களுக்கு வயது ஐம்பது. எடை சராசரியாக 77 கிலோவிலிருந்து 100 கிலோவாகியிருந்தது. உடல் கொழுப்பின் விகிதம் இரட்டிப்பாகியிருந்தது. ஆனால் மருத்துவர்களையே வியக்கவைத்த செய்தி ஒன்று உண்டு. முப்பது வருட முதுமை அவர்களுடைய திறனிலிருந்து எடுத்துக்கொண்டது, இருபது வயதில் மூன்று வாரப் படுக்கை எடுத்துக்கொண்டதைவிடக் குறைவாக இருந்தது!

பின்பு அந்த ஐவருக்கும் ஆறு மாதப் பயிற்சி அளிக்கப்பட்டது. நடை, மெதுவான ஓட்டம், நிலையாக நிறுத்திய சைக்கிளை மிதித்தல், இவ்வளவுதான். மிகக் குறைந்த அளவில் தொடங்கி, படிப்படியாக உயர்த்தி, முடிவில் வாரத்திற்கு நாலரை மணி நேரம் என்ற அளவுக்கு வந்தார்கள். 2001இல் வெளியான முடிவு யாதெனில், இருபது வயதில் படுக்கைக்குப் போவதற்கு முன் இருந்த திறன் அளவையே ஐம்பது வயதில் அந்த ஐவரும் சராசரியாகத் திரும்பப் பெற்றிருந்தார்கள்.

இதில் கவனிக்கவேண்டிய இன்னொரு காரியம் உண்டு. ஆறு மாத முடிவில் அவர்களுடைய எடை சிறிதளவு மாத்திரமே குறைந்திருந்தது. எடை மெஷினைமட்டும் பார்த்துக்கொண்டிருந்திருந்தால் இரண்டாம் மாதத்திலேயே மனம் சோர்ந்து விட்டிருப்பார்கள். உள்ளே இருதயம் புதிதாகிக்கொண்டிருந்ததை எந்த எடை மெஷினும் காட்டாது.

நூறு வயதைக் கடந்தும் மிதித்தவர்

பிரான்ஸ் தேசத்தில் ராபேர் மார்ஷான் என்ற ஒருவர் இருந்தார். 1911ஆம் ஆண்டில் பிறந்தவர். இளமையில் சைக்கிள் பந்தயங்களில் ஆசைப்பட்டவர். ஆனால் வாழ்க்கை அவரை வேறு வழிகளில் இழுத்துச் சென்றது. தீயணைப்புப் பணி, பின்பு கடல் கடந்து வெனிசுவேலா, பின்பு கனடாவில் மரம் வெட்டும் வேலை என்று, நம்மைப்போலவே பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் சென்றவர். ஊர் திரும்பி, பல வருடங்கள் உழைத்து, அறுபது வயதையும் கடந்த பிறகே மீண்டும் ஊக்கமாய் சைக்கிள் மிதிக்கத் தொடங்கினார்.

2012இல், நூறு வயதில், ஒரு மணி நேரத்தில் 24 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தை மிதித்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 102 வயதில், அதே ஒரு மணி நேரத்தில் 26.927 கிலோமீட்டர் மிதித்தார். வயது கூடியிருக்க, தூரமும் கூடியது! அந்த இடைப்பட்ட காலத்தில் அவரைப் பரிசோதித்த வெரோனிக் பில்லா என்ற ஆராய்ச்சியாளரின் குழு, அவருடைய உடல் பயன்படுத்தும் பிராணவாயுவின் அளவு 13 சதவீதம் உயர்ந்திருந்ததைக் கண்டது. வருடத்திற்கு ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர் மிதித்தார். அதில் ஐந்தில் நான்கு பங்கு இலகுவான மிதிப்பு. ஒரு பங்கு மாத்திரமே கடினமானது.

2017இல், 105 வயதில் மறுபடியும் மிதித்தார். இம்முறை 22.547 கிலோமீட்டர். முன்னையதைவிடக் குறைவுதான். அதற்காக அவர் சைக்கிளை மாடிப்படிக்கடியில் நிறுத்திவிடவில்லை. 109 வயதில், 2021ஆம் ஆண்டில் காலமானார். குறைந்த எண்ணைக் கண்டும் வெட்கப்படாதிருந்த அவருடைய மனதை நாம் கற்றுக்கொள்ளவேண்டும்.

ஊக்கம் எப்போது வரும்?

"எல்லாம் சரி; ஆனால் மனம் வரவில்லையே" என்று பலர் சொல்லுகிறார்கள். மனம் வந்தபின் புறப்படலாம் என்று காத்திருப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய பிழை. மனச்சோர்வுக்குச் சிகிச்சை அளிக்கும் வல்லுநர்கள் இதைக் குறித்து ஆராய்ந்திருக்கிறார்கள். 1996இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் நீல் ஜேக்கப்சன் என்பவரின் குழு செய்த ஆய்வில், எண்ணங்களைத் திருத்தும் முழுமையான சிகிச்சை எவ்வளவு பயன் தந்ததோ, சிறுசிறு செயல்களில் மீண்டும் ஈடுபடச் செய்வதுமட்டுமே அவ்வளவு பயன் தந்தது. செயல் முன்னே போகிறது; மனம் பின்னே வருகிறது.

இந்த உண்மையை விளக்கும் காட்சி ஒன்று கிங்ஸ் சர்க்கிளிலேயே உண்டு. விடியற்காலையில் தாராவியிலிருந்து புறப்பட்டு, கேரியரில் இட்லிப் பாத்திரமும் சட்னி வாளியும் கட்டி, ரப்பர் ஹார்னை அழுத்திக்கொண்டே தெருத்தெருவாய்ப் போகிற நம் தமிழ்ச் சகோதரர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த அண்ணன்மாரில் ஒருவரிடம், "இன்று மிதிக்க மனம் இருக்கிறதா?" என்று கேட்டுப்பாருங்கள், சிரித்துவிடுவார். பாத்திரம் சூடாயிருக்கிறது, வாடிக்கையாளர் காத்திருக்கிறார், ஆகவே கால் மிதிக்கிறது. அவருக்கு ஊக்கம் மனதிலிருந்து வருவதில்லை, பாத்திரத்திலிருந்து வருகிறது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது மும்பையின் டப்பாவாலாக்களின் பணி நின்றுபோனது. தாராவியிலிருந்து தொழிலாளர்கள் திரள்திரளாய் ஊர் திரும்பினார்கள். பின்பு வேலை திறந்தபோது, பல மாதம் ஓய்ந்திருந்த கால்களோடுதான் பலரும் மறுபடி தொடங்கவேண்டியிருந்தது. முதல் நாளில் எத்தனை தெரு முடிந்ததோ அத்தனை தெரு. அதற்கு மேல் அடுத்த நாள். பிழைப்புக்கு மிதிக்கிறவர் பழைய வேகத்தை நினைத்து ஏங்கிக்கொண்டிருக்க முடியாது.

ஆகவே நீங்களும் உங்கள் சைக்கிளுக்கு ஒரு "பாத்திரம்" கட்டுங்கள். மாட்டுங்கா மார்க்கெட்டில் காலைக் காய்கறி வாங்குவது, காப்பித்தூள் அரைத்து வாங்குவது, பால் வாங்குவது, மகளை டியூஷனில் விட்டுவருவது என்று ஏதேனும் ஒரு வீட்டு வேலையை சைக்கிளுக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். நீங்கள் போகாவிட்டால் வீட்டில் கறிவேப்பிலை இருக்காது என்ற நிலை வரட்டும். ஆராதனை நடக்கும் இடம் இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் இருந்தால், வாரநாள் ஜெபக்கூட்டத்திற்கு சைக்கிளில் போய் வருவதும் நல்ல ஏற்பாடு.

முதலில் சைக்கிளைச் சரிசெய்யுங்கள்

நெடுநாள் நின்ற சைக்கிளில் அப்படியே ஏறாதீர்கள். பஞ்சர் கடைக்குத் தள்ளிக்கொண்டு போய் இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள்.

டயரின் பக்கவாட்டில் வெடிப்பு இருந்தால் டயரையும் டியூபையும் மாற்றிவிடுங்கள். பிரேக் கட்டைகள் வெயிலிலும் தூசியிலும் இறுகிப்போயிருக்கும், புதியவை போடுங்கள். செயினைக் கழுவி எண்ணெய் விடுங்கள். துரு அரித்திருந்தால் மாற்றுங்கள். சக்கர அச்சிலும் பெடல் அச்சிலும் பழைய கிரீஸ் காய்ந்திருக்கும். பிரித்துப் புதிதாய் வைக்கச் சொல்லுங்கள். சரிசெய்யாத சைக்கிளில் உங்கள் பலத்தில் ஒரு பங்கு துருவோடு போராடுவதிலேயே போய்விடும். குற்றத்தையோ உங்கள் உடல்மேல் சுமத்துவீர்கள்.

சீட்டின் உயரமும் முக்கியம். சீட்டில் அமர்ந்து, பெடலைக் கீழே இறக்கி, அதன்மேல் குதிகாலை வையுங்கள். அப்போது முழங்கால் நேராக நீளவேண்டும். பின்பு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்காலில் சிறு மடிப்பு இருக்கும். அதுவே சரியான உயரம். நம்மில் பலர் சீட்டைத் தாழ்வாக வைத்து மிதித்து, முழங்கால் வலி வந்ததும் வயதைக் குறை சொல்லுகிறோம்.

பன்னிரண்டு வாரங்கள்

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வளர்ந்தவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உழைப்பு வேண்டும். அதை முதல் வாரத்திலேயே எட்டவேண்டியதில்லை. கீழ்க்கண்டவாறு படியேறுங்கள்.

1, 2ஆம் வாரங்கள்: வாரத்தில் மூன்று நாள், நாளுக்குப் பத்து முதல் பதினைந்து நிமிடம். கிங்ஸ் சர்க்கிளிலிருந்து உள்தெருக்கள் வழியாக ஃபைவ் கார்டன்ஸ் வரை போய், ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பினால் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர். மரநிழலுள்ள, மேடு பள்ளமில்லாத பாதை. பக்கத்தில் ஒருவர் வந்தால் தடையில்லாமல் பேசிக்கொண்டே போகும் வேகம் போதும். "இன்னும் கொஞ்சம் போகலாமே" என்று தோன்றும்போதே வீட்டிற்குத் திரும்பிவிடுங்கள். இதுவே முக்கியமான விதி. மீதியிருக்கும் அந்த ஆசைதான் அடுத்தநாள் உங்களை எழுப்பும்.

3, 4ஆம் வாரங்கள்: வாரத்தில் நாலு நாள், இருபது நிமிடம். சீட்டு உறுத்தல் இந்த நாட்களில் இருக்கும். பழகப்பழக அது போய்விடும்.

5 முதல் 8ஆம் வாரம்வரை: நாலு நாள், முப்பது நிமிடம். சனிக்கிழமை விடியற்காலையில்மட்டும் முக்கால் மணி நேரம். பெடலை அழுத்தி மிதிப்பதைவிட இலகுவாக வேகமாய்ச் சுழற்றப் பழகுங்கள். முழங்கால்கள் உங்களுக்கு நன்றி சொல்லும்.

9 முதல் 12ஆம் வாரம்வரை: வாரத்தில் ஒருநாள்மட்டும், இடையிடையே ஒரு நிமிடம் வேகமாய் மிதித்து மூன்று நிமிடம் மெதுவாய்ப் போங்கள். நாலு தடவை போதும். மற்ற நாட்களெல்லாம் இலகுவாகவே இருக்கட்டும். மார்ஷான் கடைப்பிடித்த ஐந்தில் நான்கு பங்குக் கணக்கை மறவாதிருங்கள்.

பன்னிரண்டாம் வாரத்தின் சனிக்கிழமையில், வாகனங்கள் பெருகுமுன் புறப்பட்டு, மெரின் டிரைவ் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். கிங்ஸ் சர்க்கிளிலிருந்து ஏறத்தாழ பன்னிரண்டு கிலோமீட்டர். அங்கே சுவரில் சிறிது நேரம் அமர்ந்து, காற்று வாங்கி, மெதுவாய்த் திரும்புங்கள்.

ஒரு சிறிய நோட்டுப்புத்தகம் வாங்கி, தேதியும் நிமிடமும்மட்டும் எழுதிவாருங்கள். வேகத்தை எழுதவேண்டாம். ஒருநாள் தவறினால் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு அடுத்தநாளைத் தொடங்குங்கள். ஒரு வாரமே தவறினால், முந்தின வாரத்தின் அளவுக்கு இறங்கி மறுபடி ஏறுங்கள். தவறிய நாட்களை ஈடுகட்ட இரட்டிப்பாய் மிதிக்க முயலவேண்டாம்.

நகரத்தையும் நாளையும் அறிந்து மிதியுங்கள்

கிங்ஸ் சர்க்கிளும் காந்தி மார்க்கெட்டும் மழைக்காலத்தில் எப்படி மூழ்கும் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். 2005 ஜூலை 26ஆம் நாளை மறந்தவர் யார்? சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவானது. தேங்கிய நீரில் ஒருபோதும் சைக்கிளை இறக்காதீர்கள். அடியில் திறந்துகிடக்கும் குழி கண்ணுக்குத் தெரியாது. மழை பலத்த நாட்களில் வீட்டு மாடிப்படிகளையே நாலு தடவை ஏறியிறங்குங்கள், பழக்கம் அறுந்துபோகாது. நவம்பர் முதல் பிப்ரவரிவரை தொடங்குவதற்கு ஏற்ற காலம். ஆயினும் அந்த மாதங்களில் காலைநேரப் புகைமூட்டம் கண்ணை எரிக்கும் நாட்களில் பிரதான சாலையை விட்டு விலகியிருங்கள், அல்லது அன்று ஓய்வெடுங்கள். விடியுமுன் போகிறவர்களுக்குப் பின்புற விளக்கும், தலைக்கவசமும் கட்டாயம்.

உபவாச நாட்களைக் குறித்து ஒரு வார்த்தை. அன்று கடினமாக மிதிக்கவேண்டாம். நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் மிதித்தால் சர்க்கரை அளவு சடுதியில் இறங்கி மயக்கம் வரக்கூடும். மற்ற நாட்களிலும் பையில் நாலு சர்க்கரை மிட்டாய் வைத்திருங்கள். நாற்பது வயதைக் கடந்தவர்களும், இருதயம், இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றிற்குச் சிகிச்சை பெறுகிறவர்களும், பெரிய நோயிலிருந்து எழுந்தவர்களும் மருத்துவரிடம் கேட்டபின் தொடங்குங்கள். மிதிக்கும்போது மார்பில் இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, தலைச்சுற்றல் இவற்றில் ஏதேனும் வந்தால், "வாயுவாக இருக்கும்" என்று ஒதுக்கிவிடாமல் உடனே நிறுத்தி மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

சகோதரிகளுக்கு

இதை வாசிக்கும் சகோதரிகளே, இது ஆண்களுக்கான பேச்சு என்று தள்ளிவிடாதிருங்கள். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், அறிவொளி இயக்கத்தின் நாட்களில், மாவட்ட ஆட்சியராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால் ஆயிரமாயிரமான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். கூலி வேலை செய்தவர்களும், பிள்ளை பெற்ற தாய்மாரும் அவர்களில் இருந்தார்கள். ஊரார் கேலி செய்தபோதும் அவர்கள் நிறுத்தவில்லை. தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு தாங்களே போய் வந்தார்கள்.

உங்களில் அநேகர் பள்ளிநாட்களில் தமிழ்நாட்டு அரசு கொடுத்த இலவச சைக்கிளில் போய்ப் படித்தவர்கள். திருமணமாகி மும்பைக்கு வந்தபின் அந்தப் பழக்கம் நின்றுபோயிருக்கலாம். கால்கள் அதை மறக்கவில்லை. குறுக்குக் கம்பி இல்லாத சைக்கிளை எடுத்து, ஞாயிறு மதியம் வாகனம் குறைந்த தெருவில் மகனோ மகளோ கூடவர ஒரு சுற்றுச் சுற்றிப்பாருங்கள். முதல் நூறு அடி தடுமாறும். பின்பு தானாகவே வரும்.

பழைய அளவுகோலைக் கீழே வையுங்கள்

முடிவாக, இளவயதில் ஒரே மூச்சில் பத்து மைல் மிதித்த அந்த வாலிபனை நினைத்து மகிழுங்கள். ஆனால் அவனோடு பந்தயம் வைக்காதிருங்கள். அவனுக்கு வீட்டு வாடகை இல்லை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் இல்லை, தூக்கம் கெட்ட இரவுகள் இல்லை. இத்தனையும் சுமந்துகொண்டு பத்து நிமிடம் மிதிக்கிற நீங்கள் அவனுக்குக் குறைந்தவர் அல்ல.

டல்லாஸ் நகரத்து ஐவரும் மூன்று வாரத்தில் இழந்ததைக்காட்டிலும் பல மடங்கு நீண்ட காலத்தில் இழந்ததை, ஆறே மாதத்தில் பெற்றார்கள். அவர்கள் விசேஷித்த வீரர்கள் அல்ல. வயிறு பெருத்த, ஐம்பது வயதுச் சாதாரண மனிதர்கள். குறைவாகத் தொடங்கினார்கள், நிறுத்தாமல் தொடர்ந்தார்கள். அவ்வளவுதான்.

இந்தப் பக்கத்தை வாசித்து முடித்தவுடன் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். மிதிக்கவேண்டாம். மாடிப்படிக்கடியில் போய், சைக்கிளின்மேல் இருக்கும் பழைய செய்தித்தாள் கட்டை எடுத்து வெளியே வையுங்கள். ஈரத்துணியால் சீட்டைத் துடையுங்கள். நாளை மாலை பஞ்சர் கடைக்குத் தள்ளிக்கொண்டு போங்கள். மறுநாள் காலை பத்து நிமிடம். வீட்டில் காத்திருப்பவரிடம், "மார்க்கெட்டுக்குப் போய் வருகிறேன், என்ன வாங்கவேண்டும்?" என்று கேளுங்கள். நெடுநாளைக்குப் பிறகு கேட்கும் அந்தக் கேள்வியே உங்கள் வீட்டாருக்குப் பெரிய ஆறுதலாயிருக்கும்.